கணனி நின்றுவிட்டதா? சுவரிலிருந்து தேடுங்கள்

இன்று நமது தோட்டங்களில் பல லயத்துக் காம்பராக்களில் ஒரு கணனி இருக்கிறது. பெரும்பாலும் அது ஏதோ ஒரு கந்தோரில் சில வருடம் உழைத்து, அங்கிருந்து பழைய சாமான் கடைக்கு வந்து, பிறகு நம்மிடம் வந்து சேர்ந்ததாக இருக்கும். தீபாவளி முற்பணம், சீட்டுக் காசு, கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகன் அனுப்பியது என்று பல கைகள் சேர்ந்து வாங்கியது. 2020ஆம் ஆண்டில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் போனுக்கும் கணனிக்கும் வந்தபோது அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தக் கணனி ஒரு நாள் ஓடாமல் நின்றால் என்ன நடக்கிறது? ஒருவர் தட்டிப் பார்ப்பார். இன்னொருவர் பொத்தானை இருபது தரம் அமுக்கிப் பார்ப்பார். கடைசியில் அப்பா மலைக்குப் போகாமல், பெட்டியை உரப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போவார். அன்றைய பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. கடையில், "மதர்போர்ட் போயிருச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால், திருப்பிக் கேட்க நம்மிடம் ஒரு சொல்லும் இருக்காது.

மதர்போர்ட் உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால் ஒரு வயர் தளர்ந்திருந்தாலும், ரேம் துண்டின் காலில் அழுக்குப் பிடித்திருந்தாலும் கணனி இதே மாதிரிதான் நிற்கும். எது என்று பிரித்தறியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஓர் ஒழுங்கு இருந்தால் போதும். இந்தப் பாடம் அந்த ஒழுங்கைச் சொல்லித் தருகிறது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று விதிகள்:

1. சுவரில் தொடங்கி, வயர், பெட்டி, உள்பாகம் என்று வரிசையாக உள்ளே போக வேண்டும்.
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.
3. பார்த்ததை அப்போதே கொப்பியில் எழுத வேண்டும்.

இரண்டாவது விதியைப் பலர் மீறுகிறார்கள். வயரையும் மாற்றி, ரேமையும் கழற்றிப் போட்டு, பெட்டரியையும் மாற்றிவிட்டால், கணனி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நின்றால் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

உள்ளே இருப்பவை

பவர் சப்ளை: பெட்டியின் பின்பக்கம் வயர் குத்தும் இடத்தில் உள்ள தகரக் கூடு. சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்று சிறு அளவுகளாக்கி மற்றப் பாகங்களுக்குக் கொடுக்கும்.

மதர்போர்ட்: எல்லாப் பாகங்களும் குத்தப்பட்டிருக்கும் பெரிய பலகை.

பிரொசசர்: கணக்குப் போடும் மூளை. நன்றாகச் சூடேறும். ஆகவே அதன் மேல் ஓர் உலோகக் கட்டியும் அதன் மேல் ஒரு விசிறியும் இருக்கும்.

ரேம்: சாணுக்குக் குறைந்த நீளமுள்ள மெல்லிய துண்டு. ஒன்று, இரண்டு அல்லது நான்கு இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்: பாடங்களும் படங்களும் சேமிக்கப்படும் இடம். பழைய வகையில் உள்ளே தட்டுச் சுழலும். எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகையில் சுழலும் பாகம் எதுவுமில்லை.

ரேமுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குக் குழப்பம். கொழுந்து எடுப்பவருக்கு அது சுலபமாக விளங்கும். ரேம் முதுகில் உள்ள கூடை, ஹார்ட் டிஸ்க் ஸ்டோர். வேலை நடக்கும்போது எல்லாம் கூடையில் இருக்கும். கரண்ட் போனால் கூடை கவிழ்ந்துவிடும். ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் மிஞ்சும். "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று ஆசிரியர்கள் சொல்வது இதற்காகத்தான்.

தொடுவதற்கு முன்

பெட்டியின் பக்க மூடியைத் திறப்பதற்கு முன், சுவர்ச் சுவிச்சை அணைத்து வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிச்சை அணைத்தது மட்டும் போதாது. பிறகு கணனியின் பொத்தானைப் பத்து செக்கன் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் பெரும்பகுதி வடிந்துவிடும்.

பவர் சப்ளையின் தகரக் கூட்டை ஒருபோதும் திறக்கக்கூடாது. வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கி நிற்கலாம். பழைய குண்டு மொனிட்டருக்கும் இதே கட்டளைதான். அவை இரண்டும் வீட்டில் திருத்தும் சாமான்கள் அல்ல.

கை ஈரமாக இருக்கக்கூடாது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்காமல் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ரேம் போன்ற பாகத்தைத் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் இல்லாத தகரத்தை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின் அங்கே போய்விடும். துண்டுகளை ஓரத்தில் பிடியுங்கள், பொன்னிறக் கால்களில் விரல் படக்கூடாது.

இனி மிக முக்கியமான விஷயம். "பெட்டியத் தொட்டா சுர்ருங்குது" என்று பலர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அது சிரிக்கிற விஷயமில்லை. பவர் சப்ளைக்குள் உள்ள சில சிறு பாகங்கள் வழியாக மிகக் குறைந்த மின்சாரம் எப்போதும் தகரத்துக்கு வரும். பிளக்கின் மூன்றாவது கால் வழியாக, அதாவது ஏர்த் வயர் வழியாக, அது மண்ணுக்குப் போய்விட வேண்டும். ஏர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கும். நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரிந்து தகரத்தில் பட்டால் அதே பெட்டி ஆளைக் கொல்லக்கூடும். ஆகவே சுர்ரென்று உறைத்தால் கணனியை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் சோதிக்க வேண்டும். ஏர்த் ஓட்டையில் பேனாவைச் செருகி இரண்டு கால் பிளக்கைக் குத்துவதும், பக்கத்துக் காம்பராவிலிருந்து வெறும் இரண்டு வயர் இழுத்துக் கணனி போடுவதும் பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

முதலாம் படி: சுவரும் வயரும்

அதே சொக்கெட்டில் ஒரு போன் சார்ஜரைக் குத்துங்கள். சார்ஜ் ஏறுகிறதா? ஏறாவிட்டால் குற்றம் கணனியில் இல்லை. ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் வயரின் சுவிச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் ஏறினால் அடுத்தது கணனி வயர். அநேகமான மொனிட்டருக்கும் கணனிக்கும் ஒரே வகை வயர்தான். இரண்டையும் மாற்றிக் குத்துங்கள். மொனிட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்த வயரில் கணனி ஓடினால், பழைய வயர்தான் குற்றவாளி. ஒரு வயர் வாங்குவதோடு வேலை முடிந்தது.

பெட்டியின் பின்புறம் ஒரு சுவிச் இருக்கலாம். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் திறந்திருக்கிறது, வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் அணைந்திருக்கிறது. வீடு கூட்டும்போது விளக்குமாறு பட்டுக்கூட இது அணைந்துவிடும். சில பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிச் ஒன்றும் இருக்கும். அது எப்போதும் 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நமது கரண்டைக் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துவிடும். சிறு பிள்ளைகளின் கை அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்த வகை நோய்?

பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டு, கண்ணாலும் காதாலும் கவனியுங்கள். நோய் நான்கில் ஒரு வகையாக இருக்கும்.

வகை 1: சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை

வயரைக் கழற்றிப் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்துவிட்டு, மறுபடி குத்தி ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போய் வந்தபோது மரத்துப்போன பெட்டி சில தடவை இதிலேயே எழுந்துவிடும்.

சில டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகளின் பின்புறம், பவர் சப்ளை அருகே ஒரு சின்னப் பொத்தானும் சின்ன விளக்கும் உண்டு. சுவரில் கரண்ட் இருக்கும்போது அதை அமுக்கினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் சந்தேகம் பவர் சப்ளை மேல். எரிந்தால் அது அநேகமாக நல்லது, வேறு இடத்தில் தேட வேண்டும்.

வயரைக் கழற்றிப் பக்க மூடியைத் திறந்து மதர்போர்டைத் தொடாமல் பாருங்கள். சிறு உருளைகள் நின்றுகொண்டிருக்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், அல்லது பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால் அவை கெட்டுவிட்டன. கருகல் மணம் வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டாம், கடைக்குத்தான் போக வேண்டும்.

வகை 2: விசிறி ஓடுகிறது, படம் வரவில்லை

முதலில் மொனிட்டர். கணனிப் பக்கம் உள்ள பட வயரைக் கழற்றிவிட்டு மொனிட்டரை மட்டும் போடுங்கள். "நோ சிக்னல்" என்றோ "கேபிளைப் பார்" என்றோ ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் மொனிட்டருக்கு உயிர் இருக்கிறது. பிறகு வயர். நீலத் தலையுள்ள பழைய வகை வயரில் மூன்று வரிசையில் கால்கள் இருக்கும். வளைந்த கால் இருக்கிறதா என்று பாருங்கள். சில வயர்களில் ஒரு கால் செய்யும்போதே விடப்பட்டிருக்கும், அது குற்றமில்லை. பெட்டியின் பின்னால் படம் வரும் துளை இரண்டு இடத்தில் இருந்தால், தனியாகக் கீழே உள்ள கிராபிக்ஸ் கார்டின் துளையில்தான் குத்த வேண்டும்.

மொனிட்டரும் வயரும் நல்லது என்றால் அடுத்த சந்தேகம் ரேம். புகையும் ஈரமும் உள்ள நமது வீடுகளில் ரேமின் கால்களில் அழுக்குப் படிவது சாதாரணம். செய்யும் முறை இது:

முதலில் வயரைக் கழற்றுங்கள். ரேமின் இரு பக்கமும் உள்ள கிளிப்பை வெளியே தள்ளினால் துண்டு மேலே எழும். சில போர்டுகளில் ஒரு பக்கக் கிளிப் மட்டுமே அசையும். துண்டை ஓரத்தில் பிடித்து, பென்சில் அழிக்கும் சுத்தமான இறப்பரால் பொன்னிறக் கால்களை மெதுவாகத் தேயுங்கள். தூளைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். நனைந்த துணி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் படும். துண்டில் உள்ள வெட்டும் துளையில் உள்ள மேடும் நேராக வரும்படி வைத்து, இரு பக்கமும் சமமாக அமுக்குங்கள். "டக்" என்று கிளிப் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள். பிறகு மற்றதை மட்டும் போட்டு ஓட்டுங்கள். ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் நோயாளி எது என்று தெரிந்துவிட்டது. இரண்டிலும் ஓடாவிட்டால் துளையை மாற்றிப் பாருங்கள். "பீப், பீப்" என்று சத்தம் வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். போர்டுக்குப் போர்ட் அதன் அர்த்தம் மாறும், ஆனால் திருத்துபவருக்கு அது நல்ல தடயம். சில போர்டுகளில் பீப் ஒலிப்பான் இருக்காது, சத்தம் வராததால் நோயில்லை என்று நினைக்க வேண்டாம்.

ரேம் வாங்க வேண்டி வந்தால், பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். டி.டி.ஆர். 2, 3, 4 என்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் துளையில் மற்றது ஏறாது. "கொஞ்சம் பலமா அமுக்குனா ஏறும்" என்று அமுக்கினால் மதர்போர்ட்தான் உடையும்.

வகை 3: படம் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

முதலில் குத்தியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். கணனி அதிலிருந்து எழும்ப முயன்று நின்றிருக்கலாம்.

திகதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா? எஃப்1 அமுக்கு என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறதா? அப்படியானால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற வட்டப் பெட்டரி தீர்ந்துவிட்டது. அநேகமான போர்டுகளில் அது சி.ஆர். 2032, 3 வோல்ட். கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி போட்டு, திகதியையும் நேரத்தையும் திருத்துங்கள். திகதி பிழையாக இருந்தால் இணையத்தளங்கள்கூட "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கும். "நெட் போயிருச்சு" என்று நாம் ரீலோட் போட்டுக்கொண்டிருப்போம்.

டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் வந்தால், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள இரண்டு வயர்களையும் பாருங்கள். அகலமானது கரண்டுக்கு, ஒடுக்கமானது தகவலுக்கு. இரண்டையும் கழற்றி மறுபடி குத்துங்கள். ஒடுக்கமான வயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், அது மலிவான சாமான்.

கணனிக்குள்ளேயே சோதனை வசதியும் உண்டு. அநேகமான டெல் கணனியில் ஓட்டியவுடன் எஃப்12ஐ விட்டு விட்டு அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். அதில் "டயக்னொஸ்டிக்ஸ்" என்பதைத் தெரிந்தெடுங்கள். பல எச்.பி. கணனிகளில் எஃப்2. அது ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றையும் சோதித்து, குற்றம் இருந்தால் ஓர் எண் காட்டும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். விண்டோஸ் ஓடும் கணனியில் "விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்" என்று தேடினால் ரேமைச் சோதிக்கும் கருவி கிடைக்கும்.

டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று தட்டும் சத்தம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கணனியை நிறுத்துங்கள். உள்ளே வாசிக்கும் முனை தடுமாறுகிறது. ஓட்ட ஓட்டப் பாடங்கள் அழியும். தட்டிப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது எல்லாம் நோயைக் கூட்டும்.

வகை 4: ஓடுகிறது, இடையில் நின்றுவிடுகிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு அல்லது கரண்ட். எது என்று கொப்பி சொல்லும். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். உதாரணமாக:

திங்கள், மாலை 6.30. லைட் மங்கியது. கணனி நின்றது.
புதன், காலை 5.00 முதல் 6.30 வரை. நிற்கவில்லை.
வியாழன், மாலை 6.45. பக்கத்து வீடுகளில் கேத்தல் போட்ட நேரம். நின்றது.

இந்தக் கொப்பியைப் பார்த்தால் சூடு என்று சொல்ல முடியாது. லயம் முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கும்போது வோல்ட் விழுகிறது. பிள்ளை விடியற்காலையில் படிப்பதும், ஒரு யு.பி.எஸ். போடுவதும், கரண்ட் குறைவைப் பற்றி மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்வதும் வழிகள். ரேம் மாற்றினால் இது தீராது. யு.பி.எஸ்.ஸும் நெடுநேரம் ஓட்டாது. சேவ் பண்ணி ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தரும். அதன் பெட்டரியையும் சில வருடங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும்.

இதற்கு மாறாக, எந்த நேரமானாலும் ஓட்டி இருபது நிமிடத்தில் நின்று, ஆறியபின் மறுபடி ஓடினால் அது சூடு. பிரொசசர் அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காப்பாற்றத் தானே நின்றுவிடும். வயரைக் கழற்றி மூடியைத் திறந்து, விசிறியிலும் உலோகக் கட்டியின் இடுக்கிலும் உள்ள தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் எடுங்கள். அப்போது விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உலோகக் கட்டியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அதற்கும் பிரொசசருக்கும் இடையில் உள்ள பசையைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

கீபோர்ட், மவுஸ் போன்ற சிறு சாமான்கள் நின்றால், முதலில் வேறு துளையில் குத்துங்கள். பிறகு வேறு கணனியில் குத்துங்கள். அங்கே ஓடினால் துளையில் குற்றம், ஓடாவிட்டால் சாமானில் குற்றம்.

மலைநாட்டுக் கணனியின் எதிரிகள்

புகை: விறகடுப்புப் புகையில் உள்ள பிசுபிசுப்பு தூசியை ஒட்ட வைக்கும். அடுப்பிலிருந்து எட்டிய காம்பராவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை தூசி எடுங்கள்.

ஈரம்: நமது பனிமூட்டம் பெட்டிக்குள்ளும் போகும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஓடும்போது துணியால் மூட வேண்டாம், அணைத்து ஆறியபின் மூடலாம். நாட்கணக்கில் ஓட்டாமல் வைப்பதைவிட இடையிடையே ஓட்டுவது நல்லது, உள்ளே ஈரம் காயும். கூரை ஒழுகி நனைந்த பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கக்கூடாது. வயரைக் கழற்றி, மூடியைத் திறந்து, வட்டப் பெட்டரியையும் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பல நாள் காயவிடுங்கள். அடுப்படியில் காயவைக்க வேண்டாம்.

இடி: மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். வானம் இருண்டதுமே வயரைக் கழற்றுங்கள். ரவுட்டர் வயரையும் டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும். அவற்றின் வழியாகவும் மின்னல் வரும். இடி தலைக்கு மேல் வந்தபின் வயரில் கை வைக்க வேண்டாம்.

மின்வெட்டு: 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. கரண்ட் போனதும் சுவர்ச் சுவிச்சை அணையுங்கள். திரும்பி வந்து சில நிமிடம் நிதானமாக நின்றபின் போடுங்கள்.

எலியும் கரப்பானும்: பெட்டியின் பின்னால் திறந்திருக்கும் ஓட்டைகளை உரிய தகரத் தகட்டால் அடையுங்கள். விசிறியின் காற்று வழியை மட்டும் அடைக்க வேண்டாம்.

பிள்ளையின் வேலைக்கு இரண்டு இடம்

பவர் சப்ளை போனால் வேறு வாங்கலாம். ரேம் போனாலும் வாங்கலாம். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வருடம் சேர்த்த குறிப்பும் செயற்றிட்டமும் போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே கணனி நன்றாக ஓடும் காலத்திலேயே, வாரத்துக்கொரு நாள், பாடங்களை ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பென் டிரைவைக் கணனியிலேயே குத்தி வைக்காமல் வேறாக வையுங்கள். சம்பளம் எழுதும் நாள், கோயிலுக்குப் போகும் நாள் என்று ஏதாவது ஒரு நாளை நியமித்துக்கொண்டால் மறக்காது.

கடைக்குப் போகும்போது

போகுமுன் ரேம் எத்தனை, அதில் ஒட்டிய லேபலில் என்ன எழுதியிருக்கிறது, டிஸ்க்கின் அளவு என்ன என்று எழுதுங்கள். போனில் படமும் எடுங்கள். கொப்பியைக் கொண்டுபோங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

"அண்ணே, இது மதர்போர்ட் வேலை போல இருக்கு. விட்டுட்டுப் போங்க."

"இல்ல தம்பி, விசிறி ஓடுது. மொனிட்டர் நல்லது, பக்கத்து வீட்டுக் கணனில போட்டுப் பாத்தோம். ரேம் ரெண்டையும் தொடச்சு ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தாச்சு. நல்ல ரேம் ஒண்ணு உங்ககிட்ட இருந்தா எங்க முன்னுக்கே ஒருக்கா போட்டுப் பாருங்க. டிஸ்க்க மட்டும் எங்ககிட்ட கேக்காம போமட் பண்ணிராதீங்க, புள்ளைட பாடம் இருக்கு. என்ன மாத்தினாலும் பழசத் திருப்பித் தாங்க."

நல்ல டெக்னீசியன் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அவருடைய பாதி வேலையை நீங்கள் முடித்துவிட்டீர்கள். செலவு எவ்வளவு என்று முதலில் கேட்டு, மாற்றிய பாகத்தின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதிய பில் வாங்குங்கள். திருத்தும் செலவு இன்னொரு பழைய கணனியின் விலைக்குக் கிட்ட வந்தால், டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு யோசித்துச் செய்யுங்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்குப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி 1: விசிறி ஓடுகிறது. படம் இல்லை. மொனிட்டரில் "நோ சிக்னல்" என்று வருகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?
கேள்வி 2: ஒவ்வொரு காலையும் திகதி பிழையாக இருக்கிறது. எந்தப் பாகம்?
கேள்வி 3: மகள் பெட்டியைத் தொட்டபோது சுர்ரென்றது. "ஒண்ணும் ஆகாது, செருப்புப் போட்டுக்க" என்றார் தாத்தா. சரியா?

விடைகள்: 1. பட வயரையும் அது குத்தியிருக்கும் துளையையும் பார்க்க வேண்டும். பிறகு வயரைக் கழற்றிவிட்டு ரேமைத் துடைத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 2. மதர்போர்டின் வட்டப் பெட்டரி. 3. பிழை. கணனியை நிறுத்தி ஏர்த்தைச் சோதிக்க வேண்டும். செருப்பு ஏர்த்துக்குப் பதிலாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்த வேலைகளைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கப் பிள்ளைகளைக் கொண்டு செய்வியுங்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்குரூ டிரைவர்" என்று சொல்ல வேண்டாம். கொழுந்தின் பதம் பார்த்துக் கிள்ளும் விரலுக்கு ரேம் துண்டைப் பக்குவமாகப் பிடிக்கவும் தெரியும். கணனி வன்பொருள் திருத்துவது நமது நாட்டில் என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள ஒரு தொழில். தொழிற்பயிற்சி நிலையங்களில் அதைப் படிக்கலாம். ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் கிட்டிய நிலையத்தில் விசாரியுங்கள்.

இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் கணனியின் ரேம், டிஸ்க், பெட்டரி விபரங்களை எழுதிப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள். லயத்தில் யாருடைய கணனி நின்றாலும் அந்தக் கொப்பியோடு போய் உதவுங்கள். ஒரு வீட்டில் நல்ல வயரும் இன்னொரு வீட்டில் நல்ல ரேமும் இருந்தால், மாற்றிப் போட்டுப் பார்க்க டவுனுக்குப் போகத் தேவையில்லை.